ஆமோதிக்க எத்தனை பேர்?

(கம்மாபுரத்தில் படிப்பக அன்பர்கள் கூட்டிய சபையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கத்தை இந்தச் சபையில் அறியாதவர் எவரும் இரார். கடன் கொடுத்து ஏமாந்தவரும், களவு கொடுத்துக் கலங்கினவரும், நோயினால் நொந்தவரும் தத்தம் குறையை ஒரு தாளில் எழுதி, சுவாமியின் பெயருக்கே விலாசமிட்டு, அங்கே கட்டிவிட்டு வருகிறார்கள். குறை தீர்ந்தபின் மறவாமல் சென்று பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தாளுக்கு ஒருவர் கையெழுத்துப் போதும். சாட்சி வேண்டியதில்லை, ஆமோதிப்பவரும் வேண்டியதில்லை. தெய்வ சந்நிதிக்கு அது பொருந்தும், ஏனெனில் அங்கே கேட்பவருக்கு நேரம் குறைவுபடுவதில்லை. மனிதர் கூடி நடத்துகிற சபையிலோ, ஒருவர் எழுப்புகிற கேள்விக்கு மற்ற அனைவரும் தம் ஆயுளில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகையினால்தான் உலகத்தில் பல சபைகள், பிரேரணையைக் கொண்டுவருகிறவர் ஒருவர் என்றால் அதை ஆமோதிக்க இன்னும் சிலர் வேண்டும் என்று விதி செய்துவைத்திருக்கின்றன. அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

இது வக்கீல்களுக்கும் காரியதரிசிகளுக்கும் உரிய சிறு விவகாரம் என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இரண்டு அனுபவங்கள் காரணமாயின. ஒன்று, இந்தப் பிராந்தியத்திலேயே நான் கண்ட ஒரு சிறு சம்பவம். மற்றது, கடல் கடந்து பல தேசங்களிலும் பரவியிருக்கிற டெபியன் என்னும் மென்பொருள் ஸ்தாபனத்தின் சாசனத்தைப் படித்தது.

டெபியன் என்ற பெயர் உங்கள் காதுக்குப் புதிதாக இருந்தாலும், அதன் காரியம் உங்கள் வீட்டுக்குள் முன்னமே வந்துவிட்டது. 2011 முதல் நம் அரசாங்கம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், விலைக்கு வாங்கிய இயங்குதளத்தோடு கூட, பாஸ் லினக்ஸ் என்ற வேறொன்றும் இருந்ததே, நினைவிருக்கிறதா? சென்னையில் உள்ள சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையத்தார் ஆக்கிய அந்தத் தளம் டெபியனை அடிப்படையாக வைத்துக் கட்டியது. டெபியனையோ யாரும் கூலி கொடுத்துக் கட்டுவிக்கவில்லை. 1993இல் இயான் மர்டாக் என்ற ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவர் தொடங்கிவைத்த அந்தப் பணியை, ஏறத்தாழ ஆயிரம் அங்கத்தினர்கள், தத்தம் ஊரில் தத்தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே, மிஞ்சின வேளையில் செய்துவருகிறார்கள். முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, ஒருவரை ஒருவர் ஏவி வேலை வாங்கும் அதிகாரமும் இல்லை. ஆயினும் வாய்ச்சொல்லை நம்பி அவர்கள் காரியத்தை விட்டுவிடவில்லை. 1998இல் தமக்கென ஒரு சாசனத்தை எழுதி, ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், அந்தத் தலைவருடைய தீர்ப்பையும் பொது வாக்கினால் மாற்றவும் வழி செய்துகொண்டார்கள்.

அந்தப் பொது வாக்குக்குப் பொதுத் தீர்மானம் என்று பெயர். அங்கத்தினர் எவரும் அதைப் பிரேரேபிக்கலாம். ஆனால் ஆமோதிப்பவர் இத்தனை பேர் வேண்டும் என்பதைச் சாசனம் ஒரு கணக்கினால் சொல்கிறது. மொத்த அங்கத்தினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைக் கண்டு, அதில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும்; அந்தப் பாதி ஐந்துக்குக் குறைந்தால் அதுவே போதும், ஐந்தைத் தாண்டினால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூறு பேர் உள்ள சபையில் வர்க்கமூலம் பத்து, பாதி ஐந்து. ஆயிரம் பேர் உள்ள சபையில் வர்க்கமூலம் முப்பத்தொன்றுக்குச் சற்று மேல், பாதி பதினாறை ஒட்டி வரும். ஆயினும் ஐந்தே போதும். பிரேரேபித்தவரையும் சேர்த்தால் ஆறு பேர். ஆயிரம் பேரைக் கூட்டி ஒரு கேள்விக்கு விடை சொல்ல வைக்க ஆறு பேர் போதும் என்பது அந்த ஏற்பாடு.

இது மிகவும் சொற்பம் என்று 2009இல் அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே ஒரு வாதம் எழுந்தது. சாசனம் எழுதிய காலத்தில் அங்கத்தினர் சில நூற்றுவரே. இப்போது ஆயிரத்தை எட்டிவிட்டோம். ஐந்து பேர் கையொப்பத்தை ஒரு பகற்பொழுதில் யாரும் திரட்டிவிடலாம். அப்படித் திரட்டிய கேள்விக்காக ஆயிரம் பேரும் வாரக்கணக்கில் விவாதித்து, மனக்கசப்புற்று, செய்ய வேண்டிய வேலையையும் விட்டுவிட வேண்டியிருக்கிறது. ஆகையால் ஐந்து என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டு, வர்க்கமூலம் முழுமையையுமே ஆமோதிப்பவர் தொகையாக, அதாவது முப்பதை ஒட்டிய தொகையாக, வைக்க வேண்டும் என்பது பிரேரணை. அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்தாபனத்தின் பாரத்தைத் தோளில் சுமந்தவர்கள். முந்தின ஆண்டின் கடைசி மாதங்களில் நடந்த ஒரு வாக்கெடுப்பு அவர்களுடைய மனத்தைப் புண்படுத்தியிருந்தது. புதிய வெளியீட்டோடு, மூலநிரல் கிடைக்காத, வன்பொருளை இயக்கும் சில கோப்புகளைச் சேர்க்கலாமா என்ற அந்த வாக்கெடுப்பில், வெவ்வேறு கருத்துகளை ஒரே வாக்குச்சீட்டில் எப்படிக் கோத்தார்கள், எதற்கு மிகுதிப் பெரும்பான்மை வேண்டும் என்று எப்படித் தீர்ப்புச் சொன்னார்கள் என்பவை பற்றிப் பெரும் சச்சரவு மூண்டு, பல ஆண்டுகள் காரியதரிசியாக இருந்தவர் பதவியை விட்டு விலகும் அளவுக்கு அது வளர்ந்தது. ஆகவே, கதவை இன்னும் சற்று இறுக்கிச் சாத்தினால் வீட்டில் அமைதி நிலவும் என்று அவர்கள் எண்ணியதில் ஆச்சரியம் இல்லை.

அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. அதை நான் மதிக்கிறேன். தொண்டு ஸ்தாபனத்துக்கு மூலதனம் பணம் அல்ல, தொண்டர்களுடைய கவனம்; அதை வீணாக்குகிறவன் பொக்கிஷத்தில் கைவைத்தவனுக்கு ஒப்பாவான். ஆயினும் அவர்கள் கேட்ட மருந்து தவறானது என்று நினைக்கிறேன். 2008இல் விளைந்த துன்பம் கேள்விகள் பெருகியதால் விளைந்தது அன்று. கேள்விகளை எவ்விதம் பிரித்து, எவ்விதம் சீட்டில் எழுதுவது என்பதில் விளைந்தது. ஆமோதிப்பவர் ஐவருக்குப் பதில் முப்பதின்மராக இருந்திருந்தாலும் அந்தச் சிக்கல் அப்படியே இருந்திருக்கும்.

இந்த இடத்தில், நான் முதலில் குறித்த உள்ளூர்ச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் இளமையில், பீங்கான் பொம்மையும் விளக்கும் மின்சாரச் சாமான்களும் செய்கிற சிறு தொழிலாளர்கள் அறுபது பேர் கூடிய ஒரு சங்கத்தில் நானும் ஓர் அங்கத்தினனாக இருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். விசேஷக் கூட்டம் கூட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கத்தினர், அதாவது இருபது பேர், கையெழுத்திட வேண்டும் என்பது அதன் விதி. பொம்மைக்கு வர்ணம் தீட்டியும் அகல் விளக்கு செய்தும் பிழைத்த ஓர் அம்மையார் இருந்தார். பொதுச் சூளையில் சரக்கு அடுக்கும்போது, சிறு உற்பத்தியாளர்களின் சரக்கை எப்போதும் அனல் குறைந்த ஓரத்திலேயே அடுக்குகிறார்கள். அதனால் பாதி வேகாமல் நீரை உறிஞ்சுகின்றன. அடுக்கும் இடத்தை முறைவைத்து மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய குறை. நியாயமான குறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கார்த்திகை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தபடியால் அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். மற்றவர்களில் பலரும் அவர் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டவர்களே. ஆனால் ஒருவர் நிர்வாகியிடம் களிமண்ணைக் கடனுக்கு வாங்கியிருந்தார், இன்னொருவருடைய மகனுக்கு நிர்வாகியின் சிபாரிசு வேண்டியிருந்தது, வேறொருவர் தமக்கு ஏன் வம்பு என்று இருந்துவிட்டார். நான் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கார்த்திகை தீபம் வந்து போயிற்று. அவருடைய விளக்குகள் அந்த ஆண்டும் ஓரத்திலேயே வெந்தன.

அந்த இருபது என்ற எண்ணை விதித்தவர்கள் தீயவர்கள் அல்லர். எடுத்ததற்கெல்லாம் கூட்டம் போட்டால் வேலை கெடும் என்று நினைத்தே விதித்தார்கள். ஆனால் வாசற்படி எல்லோர் காலுக்கும் ஒரே உயரமாக இருப்பதில்லை என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. நிர்வாகிக்கு இருபது கையெழுத்து ஒரு மாலைப்பொழுதின் வேலை. அந்த அம்மையாருக்கோ அதுவே மலை. டெபியன் சாசனத்தின் கணக்கை அந்தச் சங்கத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். அறுபதின் வர்க்கமூலம் எட்டுக்குச் சற்றுக் குறைவு. பாதி நான்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நான்கு பேர் ஆமோதித்தால் போதும். அவர் பதினொன்று கொண்டுவந்திருந்தார்.

முப்பது கையொப்பம் கேட்ட பிரேரணையிலும் இதே அபாயம் மறைந்திருந்தது. அங்கத்தினர்கள் கண்டம் கண்டமாகச் சிதறிக் கிடக்கிற ஒரு ஸ்தாபனத்தில் முப்பது பேரைத் திரட்ட வல்லவர் யார்? பல காலம் பொறுப்பில் இருந்து பலரால் அறியப்பட்டவர்; ஆண்டுதோறும் வெவ்வேறு தேசத்தில் கூடுகிற மாநாட்டுக்குப் பயணச்செலவு செய்து போய் முகம் பழகியவர்; ஆங்கிலத்தில் தங்கு தடையின்றி வாதிக்க வல்லவர். அந்த மாநாடு இந்தியாவுக்கு வந்ததே 2023இல்தான், அதுவும் கொச்சிக்கு. விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருளுக்காகப் பாடுபடுகிற இளைஞர் ஒருவர் நாளை டெபியனில் அங்கத்தினராகி, தமிழ் எழுத்துருவைப் பற்றியோ, தமிழில் நிறுவும் முறையைப் பற்றியோ ஒரு நியாயத்தைக் கேட்க வேண்டியிருந்தால், ஐந்து பேரை அவர் தேடிக்கொள்வார். முப்பது பேரைத் தேடிப் புறப்பட்டால், பாதி வழியிலேயே களைத்துத் தம் குறையைத் தம் மனத்துக்குள் வைத்துக்கொள்வார். குறைகள் மனத்துக்குள் தங்கிவிட்ட தொண்டர் சச்சரவு செய்யமாட்டார். ஒருநாள் ஓசையின்றி வேலையை நிறுத்திவிடுவார். சம்பளத்துக்கு உழைக்கிறவர் விலகினால் ராஜினாமாக் கடிதமாவது கிடைக்கும்.

அந்த வாதம் எழுந்து நெடுங்காலம் ஆகிறது. டெபியனில் இன்றும் ஐந்தே நிற்கிறது. அது நின்றதைப் பற்றி எனக்கு மகிழ்ச்சி.

ஆனால், ஆமோதிப்பது என்றால் என்ன என்பதைத் தெளிந்துகொள்ளாமல் எண்ணைப் பற்றி மட்டும் பேசுவதில் பயன் இல்லை. ஆமோதிப்பவர் பிரேரணையை ஆதரிக்கிறவர் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். அவர் சொல்வது அதுவன்று. இந்தக் கேள்வி சபையின் முன் வரத் தக்கது என்பதே அவர் சொல்வது. விடை எதுவானாலும் அவருக்குச் சம்மதமாக இருக்கலாம். அவரே எதிராக வாக்களிக்கவும் செய்யலாம்.

நம் தேசத்தின் சரித்திரத்திலேயே இதற்கு அழுத்தமான சான்று ஒன்று இருக்கிறது. 1952இன் சட்டப்படி, ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கிறவருக்கு வாக்காளர் சபையிலிருந்து முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் போதும் என்று முதலில் இருந்தது. 1967இல் பதினேழு பேர் நின்றார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் தாமே வாக்காளர்களாக இருந்தும், அந்த ஒன்பது பேருக்கும் அவர்களுடைய வாக்குகளே கிடைக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். 1969இல், வி.வி. கிரி சுயேச்சையாக நின்று வென்ற அந்தப் புகழ்பெற்ற தேர்தலில், பதினைந்து பேர் களத்தில் இருந்தார்கள். இந்த நிலைமையைக் கண்ட பார்லிமெண்டு 1974இல் முன்மொழிபவர் பத்து, வழிமொழிபவர் பத்து என்று உயர்த்தியது. 1997இல் இரண்டையும் ஐம்பது ஐம்பதாக ஆக்கியது. அதற்குப் பிறகு 2022 வரை நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் இருவரே நின்றார்கள். ஜனாதிபதி பதவி ஒன்று. அதில் ஒருவரே அமர முடியும். பெரிய கட்சிகளின் துணையின்றி ஒருவர் அதில் அமர்வது அபூர்வம். அங்கே வாசலை இறுக்கியது ஓரளவு பொருத்தமே. ஆனால் ஒரு பதவிக்கு ஆள் தேடுவதும் ஒரு சபை தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்வதும் ஒரே ஜாதிக் காரியங்கள் அல்ல என்பதை மறந்துவிட்டு, அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து நடுவது பிழை.

மொடக்குறிச்சியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1996 சட்டசபைத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கத்து அந்தத் தொகுதியில் 1033 பேர் வேட்பாளராக நின்றார்கள். பெரும்பாலோர் விவசாயிகள், தங்கள் குறைகள் எங்கும் எடுபடவில்லை என்பதை உலகம் அறியச் செய்ய அவர்கள் கண்ட வழி அது. தேர்தலைத் தள்ளிவைக்க நேர்ந்தது. வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, சட்டசபை வேட்பாளரின் காப்புத்தொகை இருநூற்றைம்பது ரூபாயிலிருந்து ஐயாயிரம் ஆயிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றும் விதி வந்தது. பத்துப் பேர் என்ற விதியினால் மட்டும் மொடக்குறிச்சி மீண்டும் நடவாமல் போயிராது. வயல்வெளியில் கூப்பிட்ட குரலுக்குப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். தடுத்தது ஐயாயிரம் ரூபாய். அந்த விவசாயிகள் வாக்குச்சீட்டை அடைத்துக்கொண்டு நின்றதற்குக் காரணம், அவர்களுடைய கேள்வி உள்ளே செல்வதற்கு வேறு வாசல் திறந்திருக்கவில்லை என்பதே. வாசலில் கூட்டம் நெரிகிறபோது முதலில் கேட்க வேண்டியது, மற்ற வாசல்கள் ஏன் அடைத்திருக்கின்றன என்பது.

அப்படியானால் வெட்டிக் கேள்விகளை எப்படித்தான் தடுப்பது? இந்த ஊரில் மண்ணோடு பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. களிமண் கூழைச் சல்லடையில் வடிக்கிறோம். கல்லும் தடித்த மணலும் நிற்க வேண்டும் என்பதற்காக. கண் மிக நெருங்கிய சல்லடையில் ஒரே முறையாக வடித்துவிடலாம் என்று பார்த்தால், மண்ணே மேலே தங்கிக் கண்ணை அடைத்துக்கொள்கிறது. கீழே நீர்தான் இறங்குகிறது. தேர்ந்தவர்கள் முதலில் அகன்ற கண் உள்ளதில் வடித்து, மேலும் தேற வேண்டியதை அடுத்த கட்டங்களுக்கு விடுகிறார்கள். சூளையும் ஒரு பரீட்சைதானே!

டெபியனின் சாசனத்தை எழுதியவர்கள் இந்தத் தத்துவத்தை அறிந்தே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வாசலில் ஐந்து என்று எளிதாக வைத்துவிட்டு, பாரத்தையெல்லாம் உள்ளே, தீர்ப்பின் மேல் வைத்தார்கள். பிரேரணை வந்தவுடன் வாக்கெடுப்பு இல்லை. பொதுவாக இரண்டு வாரமாவது விவாதம் நடக்க வேண்டும். வாக்களிப்போர் தெரிவுகளைத் தமக்கு உகந்த வரிசையில் அடுக்க வேண்டும். அந்தத் தெரிவுகளில் ஒன்று எப்போதும் ‘இவற்றில் எதுவும் வேண்டாம்’ என்பது. ஒரு தெரிவை அதற்கு மேலாக வைத்தவர்கள், வர்க்கமூலத்தின் பாதியைப் போல் மும்மடங்காவது இருக்க வேண்டும். ஆயிரம் அங்கத்தினர் என்றால் நாற்பத்தெட்டுப் பேர். இல்லையேல் அந்தத் தெரிவு தானாகவே விழும். சாசனத்தையே திருத்துவதென்றால், வேண்டும் என்போர் வேண்டாம் என்போரைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். தகுதியற்ற கேள்விகள் உள்ளே வரலாம். தகுதியற்ற தீர்மானங்கள் வெளியே போக முடியாது. இந்த ஏற்பாட்டின் அழகு அதுதான்.

வர்க்கமூலம் என்றவுடன் இது ஏதோ கணித மேதைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் கிராம சபைக்கு வாருங்கள். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் கோரம், அதாவது கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை, ஐம்பது. மூவாயிரம் வரை நூறு. பத்தாயிரம் வரை இருநூறு. அதற்கு மேல் முந்நூறு என்பது தமிழ்நாட்டின் விதி. ஜனத்தொகை ஐந்நூறிலிருந்து பத்தாயிரமாக, இருபது மடங்கு, ஏறும்போது கோரம் நான்கே மடங்குதான் ஏறுகிறது. பத்தாயிரத்தின் வர்க்கமூலம் நூறு. அதன் இரட்டிப்பு இருநூறு. மூவாயிரத்தின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் நூற்றுப்பத்தை ஒட்டி வரும். விதி நூறு என்கிறது. ஐந்நூறுக்கு நாற்பத்தைந்தை ஒட்டி வரும். விதி ஐம்பது என்கிறது. இந்த விதியை வகுத்தவர்கள் வர்க்கமூலம் கண்டு வகுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் பெருகப் பெருக அதில் பங்கெடுக்க வருகிறவர்களின் விகிதம் குறைந்துகொண்டே போகும் என்ற அனுபவம் இரு சாராரையும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. குடியரசு நாளிலோ மே தினத்திலோ கிராம சபையில் ஜமுக்காளம் விரித்துக் காத்திருந்த எவருக்கும் இந்த உண்மை தெரியும். பத்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று சதவீதத்தில் வைத்த விதிகள் சபை வளர வளர மூச்சுத் திணறச் செய்வதன் காரணம் இதுவே.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். முதற்பிரேரணையை ஆமோதிப்பது ஒன்று; வரப்போகிற வாக்கெடுப்பில் இன்னொரு தெரிவைச் சேர்க்கக் கோருவது வேறொன்று. முதலது ஆயிரம் பேரை வேலையிலிருந்து எழுப்புகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்கு இரண்டாவதனால் வருகிற சிரமம் சொற்பம். மொடக்குறிச்சியில் ஒரு முத்திரை மட்டுமே குத்த முடியும் ஆகையால் ஒவ்வொரு கூடுதல் பெயரும் சுமையாயிற்று. வரிசைப்படுத்தி வாக்களித்துத் தக்கபடி எண்ணுகிற முறையிலோ, ஒத்த கருத்துள்ள இரண்டு தெரிவுகள் ஒன்றன் வாக்கை மற்றொன்று பறித்துக்கொள்வதில்லை. டெபியன் 2003இல் அத்தகைய எண்ணும் முறையை ஏற்றுக்கொண்டது. 2021இல், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன் சம்பந்தமாக எழுந்த ஒரு பெரிய சர்ச்சையில் டெபியனும் தன் குரலைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுத் தெரிவுகள் சேர்ந்தன. கடைசியில் வென்றது, இந்த விஷயத்தில் ஸ்தாபனம் பகிரங்க அறிக்கை எதையும் வெளியிடாது என்ற தெரிவு. முதலில் கேட்டவருடைய சொற்களில் மட்டும் கேள்வி நின்றிருந்தால், பெரும்பாலோர் மனத்தில் இருந்த விடைக்குச் சீட்டிலே தெளிவான இடம் இருந்திராது. ஆகையால் முதற்பிரேரணைக்கு ஐவர் என்றால், மாற்றுத் தெரிவுக்கு அதைவிடக் குறைவாக இருவரோ மூவரோ போதும் என்பது என் சொந்த அபிப்பிராயம். டெபியன் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. அந்த ஒன்றில் நான் அவர்களிடமிருந்து மாறுபடுகிறேன்.

மாறாக, கையெழுத்தே செயலாகிவிடுகிற சந்தர்ப்பமும் உண்டு. தலைவர் செய்த ஒரு தீர்ப்பை உடனே நிறுத்திவைக்க வேண்டுமானால், டெபியனில் இரட்டிப்புக் கையொப்பம், அதாவது பத்து, வேண்டும். இது நியாயம். கேள்வி கேட்க மட்டும் உதவுகிற கையெழுத்து இலேசாக இருக்கலாம். ஓடுகிற வண்டியை நிறுத்துகிற கையெழுத்துக்குக் கனம் வேண்டும்.

2022க்குப் பிறகு இந்த விஷயம் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. அந்த ஆண்டு டெபியனில், பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பதை இரகசியமாக வைப்பது என்று முடிவாயிற்று. உலகம் முழுவதும் வசை பொழியும் இந்தக் காலத்தில் மனச்சாட்சிப்படி வாக்களிக்க அந்த மறைவு தேவைதான். ஆனால் ஆமோதிக்கிறவர் தம் பெயரைப் பகிரங்கமாக, மின்னொப்பமிட்டு, எழுத வேண்டும். வாக்கு மறைவிலும் ஆமோதிப்பு வெளிச்சத்திலும் நிகழ்கிற சபையில் ஆமோதிப்பவர் தொகையை உயர்த்துவது, தைரியசாலிகள் இத்தனை பேர் இருந்தாலொழியக் கேள்வியே எழக்கூடாது என்று சொல்வதாகும். என் சங்கத்தில் அந்த அம்மையாரிடம் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஒரு மூடிய பெட்டியும் சீட்டும் கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த இளைஞர்கள், மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கவும் மென்பொருள்களைத் தமிழாக்கவும் ஒரு சங்கம் அமைக்க முற்பட்டிருக்கிறார்கள். முப்பத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றும், விதிமுறைகளின் நகல் ஆயத்தமாகிவிட்டது என்றும் சொல்லி, அதை என்னிடம் கொடுத்தார்கள். விசேஷக் கூட்டத்துக்கு அங்கத்தினரில் மூன்றில் ஒருவர், அதாவது பன்னிரண்டு பேர், கையெழுத்திட வேண்டும் என்று அதிலும் எழுதியிருக்கிறது. ஏதோ ஒரு பழைய சங்கத்தின் விதியைப் பார்த்து எழுதியிருப்பார்கள். முப்பத்தாறின் வர்க்கமூலம் ஆறு, பாதி மூன்று. பன்னிரண்டு என்பதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதுங்கள். மாற்று யோசனையைச் சேர்க்க இருவர் என்று அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். நிர்வாகத்தின் தீர்ப்பை நிறுத்திவைக்க ஆறு என்று இன்னொரு வரி. கோரத்துக்கு ஒன்பது. நாளைக்கு நீங்கள் நூறு பேரானாலும் ஆயிரம் பேரானாலும் மூன்று ஐந்தாகலாம், அதற்குமேல் ஏற வேண்டாம். நகலின் அந்தப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்; கூட்டம் கலைவதற்குள் உங்கள் காரியதரிசி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.